விட்டுப் படித்த வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, வேண்டாத இடத்தில் இருக்கும். கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் என் வரிகள் கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்றால், எதிரில் நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

நான் சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் சேவகன். தோளில் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டை, அதன் நடுவில் பித்தளைப் பில்லை. அனாதை விடுதி, வயதானவர்களை வைத்துப் பார்க்கும் விடுதி, தர்ம சத்திரம், இப்படிப்பட்ட இடங்களில் இருப்பவர்களைச் சரியாக நடத்தவில்லை என்று யாராவது எழுதிப் போட்டால் எங்கள் ஆபீசிலிருந்துதான் விசாரிக்கப் போவார்கள். அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு முக்காலி உண்டு. பதினெட்டு வருஷமாக அதுதான் என் இடம்.

ஆந்திர ராஜ்யம் தனியாக வந்த பிறகு தமிழ் தெரிந்த குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக மதராஸ் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். புது அதிகாரி கிருஷ்ணா ஜில்லாவிலிருந்து வந்தவர். தமிழில் பேசினால் பாதி புரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. புத்தூர், நகரி, திருத்தணி ஜனங்களோ தமிழில்தான் எழுதிப் போடுவார்கள். அப்படி ஒரு கடிதம் வந்தால் மணி அடிப்பார். நான் உள்ளே போவேன். "ஏம் ராசாரு? சதுவு" என்று கடிதத்தை நீட்டுவார். என்ன எழுதியிருக்கிறது, படி என்று அர்த்தம். நான் எழுத்துக் கூட்டிப் படித்துத் தெலுங்கில் சொல்வேன். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் மேஜைகளில் உட்கார்ந்திருக்க, அந்த ஆபீசில் தமிழ்க் கடிதத்தைப் படிக்க நான் ஒருவன்தான். அதில் எனக்கு இருந்த பெருமையை வெளியே காட்டிக்கொண்டதில்லை.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அதிகாரி வெளியூர் போவதாக இருந்தால் முதல் நாளே சேவகன் அந்த ஊருக்குப் போய்விட வேண்டும். நாற்காலி, மேஜை, விரிப்பு, குடிக்கத் தண்ணீர், டிபன், எல்லாம் தயாரா என்று பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் வழக்கம். விசாரணைக்குப் போனாலும் இதே வழக்கம்தான். அதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று எங்கள் ஆபீசில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

திருப்பதியில் ஒரு வயதானவர் விடுதி இருந்தது. யாரோ ஒரு வியாபாரக் குடும்பத்தார் வைத்த தர்மம். சாமி பார்க்க அழைத்து வந்து அப்படியே விட்டுவிட்டுப் போன பெற்றோர்கள், பிள்ளை இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள் என்று நாற்பது பேர் போல் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் அதைக் கெழவங்க சத்திரம் என்பார்கள். மற்ற எந்த இடத்தையும்விட அங்கே போவது எனக்குப் பிடிக்கும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தூரில் காலை ரயில் ஏறி, பாகாலா வழியாகத் திருப்பதியில் இறங்கி, அந்த விடுதி வாசலுக்குப் போனால் மேனேஜர் எழுந்து வருவார்.

"வாங்கண்ணா, வாங்க. வெயில்ல வந்துகினு கீறீங்க. மொதல்ல குந்துங்க."

என்னை நாற்காலியில் உட்கார வைப்பார். வெள்ளி டம்ளரில் காபி வரும். உலகத்தில் வேறு எங்கும் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. "நாளைக்கு ஐயா வர்றாங்க" என்பேன். அவ்வளவுதான் நான் பேசுவது. பிறகு மேனேஜர் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறப்பார். உள்ளே வெளுத்து மடித்த வேட்டியும் புடவையும் இருக்கும். அவற்றை எல்லோருக்கும் கொடுப்பார்கள். ஆள் குறைந்தால் நானும் கூட நின்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். குழம்பும் சோறுமாக அடுப்பு எரியும். மறுநாள் அதிகாரி வருவார், பார்ப்பார், "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பார், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். ஜீப் தெரு முனை திரும்பியதும் துணிகளைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீசிலும் மேலதிகாரி வந்தால் மேஜைக்குப் பச்சை விரிப்புப் போட்டு, அவர் போனதும் மடித்து வைப்போம். இதையும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்தான்.

திருத்தணி தாலுகா ஆபீசிலிருந்து மாற்றலாகி வந்த சேவகன். என் வயதுதான் இருக்கும். என்னையாவது ஐந்தாம் வகுப்பு என்று சொல்லலாம், அவன் கைநாட்டு. சம்பளப் பட்டியலில் கட்டை விரலை உருட்டி வைத்துவிட்டு அதைத் தலையில் தடவிக்கொள்வான். ஆனால் வாயைத் திறந்தால் தமிழும் தெலுங்கும் மாறி மாறி வரும். அதிகாரி சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவன் வந்த இரண்டாம் வாரம் அறைக்குள் அதிகாரி சிரிக்கும் சத்தம் கேட்டது. முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று அப்போது தெரியவில்லை. பிறகு தெரிந்தது, பொறாமை.

வீட்டுப் பேச்சிலும் அவன் வந்துவிட்டான். என் வீட்டுக்காரி ஒரு நாள் சோறு போட்டபடி சொன்னாள்.

"புதுசா வந்துகீற சேவகர மார்க்கெட்ல பாத்தேன். நம்ம வூட்டு முருங்க மரத்தப் பத்தியே அவ்ளோ நேரம் பேசினாரு. நீ இந்த பதினெட்டு வருசத்துல மொத்தமா அவ்ளோ பேசல."

"முருங்க மரத்தப் பத்திப் பேச இன்னா கீது?" என்றேன்.

"அதான் ஒனக்குத் தெரியல" என்றாள்.

அந்த வருஷம்தான் விடுதியைப் பற்றி முதல் கார்டு வந்தது. கையெழுத்துப் போடாத கார்டு. 'சாயங்காலம் எங்களுக்கு ஒன்றும் தருவதில்லை. கேட்டவர்களை விறகு அறையில் அடைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கழுவுவதில்லை. தாங்கள் வரும் நாளில் காண்பது உண்மை அல்ல.' அந்த எழுத்தை நான் மறக்க முடியாது. மை தீராத பேனாவால் முத்து முத்தாக எழுதியிருந்தது. ஒரு எழுத்து இன்னொன்றின் மேல் படவில்லை. அச்சடித்த புத்தகத்தைப் படிப்பதுபோல் தடுமாறாமல் படித்தேன். படிக்கும்போதே, இப்படி எழுத எனக்கு வரவில்லையே என்று அந்தக் கார்டின் மேலும் பொறாமைப்பட்டேன்.

வழக்கம்போல நான் முதல் நாள் போனேன். வழக்கம்போல நாற்காலி, காபி, டிரங்குப் பெட்டி. மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்தார். கூடவே அவனையும் கூட்டி வந்திருந்தார். வயதானவர்களிடம் பேச ஒரு ஆள் வேண்டும் என்றார். அவர் வந்த நாளிலிருந்து நான் கூட நின்றிருக்கிறேன். என்னைப் பேசச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன், அது வேறு.

அவன் உள்ளே போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கிழவரின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இன்னா தாத்தா, நகம் இப்டி வளந்துகீது, ஏர் ஓட்டப் போறியா?" என்று கேட்டான். கிழவர் பல்லில்லாமல் சிரித்தார். இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தியால் நகத்தை வெட்டிக்கொண்டே பேசினான்.

"வேட்டி பளபளன்னு கீது. கல்யாணமா?"

"மெல்லப் பேசுப்பா" என்றார் கிழவர். "அழுக்குப் படாம குந்திகினு கீறேன். சாயந்திரம் வாங்கிக்குவாங்க. கறை பட்டா நாளைக்குக் கஞ்சி கெடையாது."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்து அதைத் தெலுங்கில் சொன்னான். அதிகாரி திரும்பி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், வயசானவருக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை என்றார். நான் அதிகாரியின் குடையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். அந்த வேட்டியை அந்தக் கிழவர் கையில் கொடுத்தது நான்தான்.

இரண்டாவது கார்டும் அதே முத்து எழுத்தில் வந்தது. நான் படித்து முடித்தேன். அதிகாரி என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிட்டார். பாதிக் கதவுதானே, முக்காலிக்கு எல்லாம் கேட்கும்.

"முன்னாடி ஆள் போய்ச் சொல்றதாலதான் எல்லாம் சுத்தமா கீதுங்க" என்று அவன் தெலுங்கில் சொன்னான். "அண்ணா மேல தப்பில்ல. வழக்கம் அப்டி. ஒரு தபா சொல்லாம போய்ப் பாருங்க ஐயா."

சரி என்றார். புதன்கிழமை போகலாம், நீ மட்டும் வா, யாரிடமும் சொல்லாதே என்றார்.

அண்ணா மேல் தப்பில்லை என்று அவன் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது முன்னால் போகிற அந்த வேலை ஒன்றுதான். அதையும் இரக்கத்தோடு எடுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை, உறவில் ஒரு சாவு என்று பொய் சொல்லி லீவு வாங்கினேன். அதே காலை ரயில். அதே நாற்காலி. டவாலி இல்லாமல் போயிருந்தேன். அப்போதும் மேனேஜர் எழுந்து வந்தார்.

"நாளைக்கு வர்றாங்க" என்றேன். "நான் சொன்னதா இருக்க வேணாம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தெய்வம்ணா. யாருண்ணா இந்தப் புகாரெல்லாம் எழுதறது? ஒங்களுக்குத் தெரியாம இருக்காதே."

"யாருன்னு தெரியாது. எழுத்து முத்து முத்தா கீது. வாத்தியாரு எழுத்து மாறி."

மேனேஜர் இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னார்.

அந்த விடுதியில் சாக்பீஸ் பிடித்த கை ஒன்றுதான் இருந்தது. நகரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்த அம்மாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தடித்த கண்ணாடி போட்டிருப்பார். எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். அவர்தான் எழுதினார் என்று எனக்குத் தெரியாது என இங்கே எழுதினால் அது பொய். சொல்லும்போதே தெரியும். சொல்லிய பிறகுதான் தெரிந்தது என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை அதிகாரி போனார். தரை கழுவியிருந்தது, துணி வெளுப்பாக இருந்தது, கொல்லையில் குழம்பு கொதித்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நகம் வெட்டிவிட்ட கிழவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். திரும்பி வந்ததும் அதிகாரி அவனை நிற்க வைத்துப் பேசினார். உன் பேச்சைக் கேட்டு என் மரியாதை போயிற்று என்றார். புகார் பொய் என்று பைலில் எழுதினார்கள்.

அவன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். நான் எதிரில் முக்காலியில். மனதில் எனக்கு இனித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது வழியில் வீட்டுக்காரிக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன். இன்னா விசேசம் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

ஒரு மாதம் கழித்து மூன்றாவது கார்டு வந்தது.

மணி அடித்தது. அதிகாரி கார்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். முதலில் வேறு யாரோ எழுதியது என்று நினைத்தேன். வரிகள் மேலே ஏறிக் கீழே இறங்கி ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தன. சில எழுத்து கார்டின் ஓரத்தைத் தாண்டிப்போய்ப் பாதியில் நின்றிருந்தது. மெல்ல எழுத்துக் கூட்டினேன்.

'நான் எழுதியது தெரிந்துவிட்டது. என் கண்ணாடியை எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து நாளாக எனக்கு எதுவும் தெரியவில்லை. கையால் தடவித் தடவி இதை எழுதிப் பால்காரியிடம் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் பாதி நாள் விறகு அறையில் இருக்கிறேன். விழுந்து இடுப்பில் அடி. தாங்கள் வருவதற்கு முதல் நாள் தங்கள் சேவகர் ஒருவர் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்துச் சொல்லிவிட்டுப் போகிறார். போன தடவை டவாலி இல்லாமல் வந்தார். அவரை அனுப்பாமல் வரவும். இனி என்னால் எழுத முடியாது.'

கண்ணாடி, விறகு அறை, இடுப்பில் அடி, எல்லாவற்றையும் தெலுங்கில் சொன்னேன். சேவகர் வரி வந்ததும் நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆபீசில் அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அங்கிருந்து மேலே?" என்று கேட்டார்.

"இனிமேல் என்னால் எழுத முடியாது என்று முடிக்கிறார்கள் ஐயா" என்றேன்.

அவர் கார்டைத் திருப்பி வாங்கவில்லை. பிறகு, போன தடவை அவன் பேச்சைக் கேட்டு அவமானப்பட்டது போதும், இதை ஒழுங்காகவே விசாரிக்கலாம், வியாழக்கிழமை வருகிறேன், நீ புதன்கிழமையே போய் வழக்கப்படி எல்லாம் பார்த்து வை என்றார்.

என் வேலை எனக்குத் திரும்பி வந்துவிட்டது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

அவன் பக்கத்தில் வந்து குந்தினான். அவனுக்கு என் மேல் ஒரு சந்தேகமும் கிடையாது. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

"கண்ணாடின்னு காதுல வுழுந்துச்சி. டீச்சரம்மா எழுதிகீறாங்களாண்ணா? நல்லா கீறாங்களாமா?"

அவன் கார்டை வாங்கிப் பார்த்தான். படிக்கத் தெரியாதவன், எழுத்தின் மேல் விரலை வைத்து ஓட்டினான். பிறகு சிரித்தான்.

"இன்னாண்ணா இது, ஒன் எழுத்து மாறியே கீது."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். என் எழுத்தை வருகைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறான். நான் அந்தக் கார்டைத் திரும்பப் பார்த்தேன். முத்து முத்தாக இருந்த எழுத்தை என் எழுத்துப்போல ஆக்கியிருந்தேன். புதன்கிழமை நான் போனால் டிரங்குப் பெட்டி திறக்கும். வியாழக்கிழமை அந்த அம்மாள் வெளுத்த புடவையில், கண் தெரியாமல், சுவரோரம் வாய் மூடி உட்கார்ந்திருப்பார். அதன் பிறகு கார்டு வராது.

நல்லவனாகி எழுந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுந்தேன். மணி அடிக்காமல் நான் அதிகாரி அறைக்குள் போனது அந்த ஒரு தடவைதான்.

"ஐயா, ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் படித்தேன். சேவகர், நாற்காலி, காபி, டவாலி இல்லாமல் வந்தது. தெலுங்கில் சொல்லும்போது, அது நான்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது கார்டில் இல்லை.

அதிகாரி திட்டவில்லை. என் பில்லையைப் பார்த்தார். பிறகு எழுந்து, "பண்டி எக்கு" என்றார். வண்டியில் ஏறு என்றார். அவனையும் கூப்பிட்டார். வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. டிரைவர், அவர், பின்னால் நாங்கள் இருவர். நான் யாருக்கும் போய்ச் சொல்லிவிடாமல் இருக்கத்தான் என்னை ஏற்றிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

பாதிக் கதவு வழியே கேட்டதை வைத்து எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஜீப்பில் சந்திரகிரிக் கோட்டை தெரிந்த இடத்தில்தான் கேட்டான்.

"என் மேல கோவமாண்ணா?"

"ஆமா" என்றேன்.

"நான் இன்னா செஞ்சேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. "ஒண்ணும் செய்யல" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டான்.

விடுதிக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டியதும் மேனேஜர்தான் திறந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார், பிறகுதான் அதிகாரியை. வாயில் அப்படியே வந்துவிட்டது.

"இன்னாண்ணா, ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?"

அதற்குமேல் என்னைப் பற்றி யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

டிரங்குப் பெட்டி பூட்டியிருந்தது. அன்று அங்கே இருந்தவர்கள் உடுத்தியிருந்ததைத் துணி என்று சொல்ல முடியாது. பகல் மூன்று மணிக்கு அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. படுத்தவர்கள் படுத்த இடத்திலேயே கழித்திருந்தார்கள். அதிகாரி மூக்கில் துணி வைக்காமல் ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. விறகு அறைக் கதவை அவன் திறந்தான். டீச்சரம்மா விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பட்டதும் கையை முன்னால் நீட்டித் தடவினார்.

"யாரு?"

"நான்தாம்மா, நகம் வெட்டுனவன்" என்றான் அவன். பெயரைச் சொல்லவில்லை. அந்த விடுதியில் அது போதும் அவனுக்கு.

கண்ணாடி மேனேஜர் அறை அலமாரியில் இருந்தது. எனக்குக் காபி கொடுக்கும் வெள்ளி டம்ளருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதிகாரி அதை எடுத்து, என்ன நினைத்தாரோ, என் கையில் கொடுத்தார். நான் கொண்டுபோய் அந்த அம்மாள் கையில் வைத்தேன். போட்டுக்கொண்டு எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

"நீதான நாற்காலில குந்திகினு காபி குடிக்கிறவன்?"

"ஆமாம்மா."

"காபி நல்லா கீதா?"

நான் தலை குனிந்தேன். அவர் எழ முயன்றார், இடுப்பு வலித்தது. நான் கை நீட்டினேன். என் கையை விட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த நேரத்தில், அந்த இடத்தில்கூட எனக்குப் பொறாமைதான் வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

அங்கேயே உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கினார்கள். அவன் கேட்டுத் தெலுங்கில் சொன்னான், அதிகாரி தன் கையாலேயே எழுதினார். டீச்சரம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். தெலுங்கில் போட முடியுமா என்று அதிகாரி கேட்கச் சொன்னதற்கு, "எனக்குத் தமிழ்லதான் பசிக்குது, அப்டியே எழுதிக்கச் சொல்லு" என்றார். அவன் அதை அப்படியே சொன்னான். அதிகாரி சிரிக்காமல் தலையசைத்தார்.

தர்மம் வைத்த குடும்பத்தார் மேனேஜரை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்தார்கள். சாயங்காலம் அடுப்பு எரிகிறது. எங்கள் ஆபீசிலும் ஒன்று மாறியது. விசாரணைக்குப் போகும்போது முன்னால் சேவகன் போவது நின்றுவிட்டது. என்னைப் பற்றி அதிகாரி எங்கும் எழுதவில்லை. 'தகவல் எப்படியோ முன்கூட்டித் தெரிந்திருந்தது' என்று மட்டும் அறிக்கையில் இருக்கிறதாம். என்னைக் கூப்பிட்டு, "இன்னும் பத்து வருஷ சர்வீஸ் உனக்கு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது" என்றார். புகார் பொய் என்று பைலில் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார். அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னார். நான் கேட்கக் கூடாது என்று முக்காலியிலிருந்து எழுந்து போய்விட்டேன்.

அப்புறம் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று முடிவாயிற்று. யார் எந்தப் பக்கம் போக விரும்புகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவன் ஒரு வெள்ளைக் காகிதத்தோடு என் முக்காலிக்கு வந்தான்.

"எங்க ஊரு அந்தப் பக்கம் போயிட்சி. எழுதிக் குடுண்ணா."

"வேற யாருமே கெடைக்கலியா? என் எழுத்தப் பாத்தா ஒனக்கு வேலையே போயிடும்."

"நீ எழுதினாதான் எனுக்கு திருப்தி."

எழுதினேன். ஊருக்குப் போக விரும்புகிறேன் என்ற ஒரு வரி எழுத எனக்கு அரை மணி ஆயிற்று. அவன் போனால் முக்காலியும் அதிகாரியும் மறுபடி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். கீழே அவன் கட்டை விரலை வைத்தான். மையைத் தலையில் தடவிக்கொண்டான். "கெழவங்களப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது தமிழ் பேச வேறு சேவகன் இல்லாததால் அதிகாரி என்னைத்தான் உள்ளே அழைத்துப் போகிறார். சொல்லாமல்தான் போகிறோம். நான் தரையில் உட்காருகிறேன். ஒரு சின்னக் கத்தி வாங்கி வைத்திருக்கிறேன், நகம் வெட்டவும் பழகிவிட்டேன். ஆனால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டு முருங்கை மரத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் அந்தக் கிழவர், "அவன் வரலியா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

போன தடவை டீச்சரம்மாவும் கேட்டார். அவன் திருத்தணிக்கே போய்விட்டான் என்றேன். கண்ணாடியின் ஒரு காதில் இப்போது நூல் கட்டியிருக்கிறார். அதைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்த அறிக்கையில ஒன்னப் பத்தி ஒண்ணும் இல்லியாமே."

"இல்லம்மா."

"நான் எழுதினது கீதா?"

"கார்டு பைல்ல கீதும்மா. ஆனா அங்க அதப் படிக்க ஆளில்ல."

"நீ கீறியே" என்றார். பிறகு கையை நீட்டினார். நகம் வெட்டத்தான் நீட்டினார் என்று முதலில் நினைத்துக் கத்தியை எடுத்தேன். எழுவதற்குக் கை கேட்டிருந்தார். கொடுத்தேன். எழுந்து நின்றதும் விட்டுவிட்டார்.

சித்தூர் திரும்பியதும் இந்த நோட்டை வாங்கினேன். அறிக்கையில் இல்லாததை எழுதிவிட்டேன். அவனுக்கு ஒரு பிரதி அனுப்ப நினைக்கிறேன். அவனால் படிக்க முடியாது, யாரையாவதுதான் படிக்கச் சொல்லுவான். படிக்கிறவர் யாராக இருந்தாலும், என் எழுத்து புரியவில்லை என்று எந்த வரியையும் தாண்டிப் போகாமல், நின்று, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துக் காட்ட வேண்டும்.

சார்வரி வருஷம், புரட்டாசி மாதம், முதல் சனிக்கிழமை.